கூரை எத்தனை அடி, மருமவனே?

ஏல மருமவனே, வா, இப்பிடி உக்காரு. டீ சொல்லியாச்சு. உன் பொஞ்சாதி போன்ல எல்லாம் சொன்னா. டிசம்பர் லீவுக்கு ஆலப்புழை போறீயளாம். மோட்டார் வச்ச படகாம், அதுலயும் மாடி வச்ச படகாம், முன்பணமும் கட்டியாச்சாம். ரொம்ப சந்தோசம். ஹிஞ்சவடியில நாள் பூரா கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கிற பயலுக்குத் தண்ணி மேல ஆசை வாறது நல்லதுதான். தேஹு ரோட்டுல நமக்குத் தண்ணின்னா டேங்கர் லாரி, விட்டா இந்திராயணி ஆறு.

நீ கொண்டாந்த காகிதத்தை ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். படகு எத்தனை அடி நீளம், எத்தனை பேரு படுக்கலாம், எத்தனை ரூம்ல ஏசி, காலையில புட்டா அப்பமா, எல்லாம் விலாவாரியா எழுதியிருக்கு. தண்ணிக்கு மேல கூரை எத்தனை அடி நிக்கும்னு மட்டும் ஒரு எழுத்து இல்ல. நீளத்தை வச்சு என்னல செய்ய? பாலம் உன் நீளத்தையா கேக்கப் போவுது?

சிரிக்காத. "ஊர்ப்பட்ட படகு போவுது மாமா, போகாத படகையா வாடகைக்கு விடுவான்"னு கேக்குறியே, விமானத்தை லாரியில ஏத்தினவனும் இப்பிடித்தான் கேட்டிருப்பான். 2019 டிசம்பர்ல மேற்கு வங்காளத்துல துர்காபூர்ல ஒரு பழைய விமானம் பாலத்துக்கு அடியில சிக்கிச்சு. 2021 அக்டோபர்ல டெல்லியில, விமான நிலையத்துக்குப் பக்கத்துலயே, நடைமேம்பாலத்துக்கு அடியில ஒண்ணு. 2022 நவம்பர்ல, கொச்சியில இருந்து ஹைதராபாத்துக்கு ஹோட்டல் நடத்தன்னு கொண்டுபோன விமானம், ஆந்திராவுல பாபட்லா ஜில்லாவுல ஒரு சுரங்கப்பாதையில மாட்டிக்கிட்டு நின்னுச்சு. 2023 டிசம்பர்ல பம்பாயில இருந்து அஸ்ஸாமுக்குப் போன விமானம் பீகார்ல மோதிஹாரியில. ஏறக்குறைய வருசத்துக்கு ஒண்ணு, நேர்ச்சைக்கடன் மாதிரி. மேகத்துக்கு மேல பறந்த சாமான்ல அதெல்லாம்! கீழ வந்ததும் ஒரு சாண் இடத்துக்கு அல்லாடுது.

அத்தனைக்கும் லாரிக்காரனுக்கு ஒரு சௌரியம் உண்டு. அவன் ரோடு இருந்த எடத்துல இருக்கும். உனக்கு ரோடே ஏறி இறங்கும்.

அதைத்தான் நீ யோசிக்கல. பாலத்துல நம்பர் போட்டிருக்கும்னு சொல்லுற. போட்டிருந்தாப் பாக்கியம். ஆனா அந்த நம்பர் எந்தத் தண்ணியில இருந்து எண்ணினதுன்னு கேளு. கணக்கா கட்டின பாலம்னா வெள்ளக் காலத்து உச்ச மட்டத்துல இருந்து அடிக்கட்டை வரைக்கும் அளந்திருப்பான். அப்படியிருந்தா நீ பொழச்ச, சாதாரண நாள்ல அதுக்கு மேலயே எடம் கெடைக்கும். ஊர்க்காரன் ஒருத்தன் சித்திரை மாசம் தண்ணி வத்திக் கெடக்கும்போது டேப்பைப் பிடிச்சு அளந்து சொன்னதா இருந்தா? நீ போறது டிசம்பர். துலா மழை பெஞ்சு ஓய்ஞ்சும் ஓயாத நேரம். கிழக்க மலையில ஒரு மழை விழுந்தாப் போதும், பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில்னு நாலு ஆறும் குட்டநாட்டுக்குள்ள வந்து கொட்டும். அங்கன வயலே கடல் மட்டத்துக்குக் கீழ கெடக்கு. அந்தத் தண்ணிக்கு அந்த ஊர்க்காரன் கிழக்கன் வெள்ளம்னு பேர் வச்சிருக்கான். உன் தலைக்கு மேல வானம் பளிச்சுனு இருக்கும், படகுக்குக் கீழ தண்ணி சத்தங்காட்டாம ஏறிக்கிட்டு இருக்கும்.

இன்னொண்ணு கேட்டுக்க. வேம்பநாட்டுக் காயல்ல தண்ணீர்முக்கத்துல ஒரு தடுப்பு இருக்கு. வயலுக்குள்ள உப்புத் தண்ணி ஏறக்கூடாதுன்னு டிசம்பர் பக்கம் மதகை அடைச்சு, வெயில் காலத்துல திறந்துவிடுறது வழக்கம். அடைச்சிருந்தா அதுக்குத் தெக்க ஒரு கணக்கு, திறந்திருந்தா கடல் ஏத்தவத்தம் உள்ள வந்து வேற கணக்கு. மதகு அடைச்சாச்சான்னு படகுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேளு. தெரியலன்னு சொன்னான்னா, அவன்கிட்ட புட்டு மட்டும் வாங்கித் தின்னுட்டு எறங்கிரு.

அந்தத் தண்ணிப் பாதை லேசுப்பட்டதில்ல. கொல்லத்துல இருந்து கோட்டப்புரம் வரைக்கும், கெளைக் கால்வாயெல்லாம் சேத்து 205 கிலோமீட்டரு, 1993ல தேசிய நீர்வழி 3னு அறிவிச்சாங்க. 2016ல கோழிக்கோடு வரைக்கும் நீட்டினாங்க. அறிவிக்கிறது எளுப்பம். காகிதத்துல கால்வாய் தேசிய நீர்வழியா ஆயிரும், அது மேல எந்தக் காலத்துலயோ ஊர்க்காரன் நடக்கக் கட்டின குட்டைப் பாலம் குட்டையாத்தானே நிக்கும்? அதை இடிச்சு உசத்திக் கட்டணும். அதுக்கு ரெண்டு கரையிலயும் நிலம் எடுக்கணும். நிலத்துக்காரன் கோர்ட்டுக்குப் போவான். நீ அதுக்குள்ள அடியில போயிட்டு வந்துரணும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக் கதையும் சொல்லுதேன். மெட்ராஸ்ல பக்கிங்காம் கால்வாயில ஒரு காலத்துல மயிலாப்பூர்ல படகேறி மாமல்லபுரம் போய் எறங்கினாங்க. பாரதிதாசன் கூட்டாளிகளோட அப்படிப் போய், "மாவலிபுரச் செலவு"ன்னு பாட்டே கட்டியிருக்காரு. 2008ல அந்தக் கால்வாயையும் சேத்து தேசிய நீர்வழி 4னு சட்டம் போட்டான். அதுக்கு முன்னாடியே கால்வாய்க்குள்ளயே தூணை எறக்கி, மேல பறக்கும் ரயிலை விட்டாச்சு. ஒரு சர்க்காரு தூண் நட்டுது, இன்னொரு சர்க்காரு அதுக்குள்ள படகு விடுதேன்னுச்சு. இதுல நீ உன் முன்பணத்தைப் பெரிய விசயம்னு நெனைக்கிற.

பாம்பன் பாத்திருக்கியா? ராமேசுவரம் போகும்போது ரயில்ல கண்ணை மூடிக்கிட்டு சாமி கும்பிட்டிருப்ப. பழைய பாலம் 1914 பிப்ரவரியில திறந்தது. கப்பல் வந்தா நடுவுல ரெண்டு கையையும் தூக்கின கணக்கா மேல பிரிஞ்சுச்சு. மோட்டாரு கெடையாது, ஆளுங்க நின்னு கம்பியைத் தள்ளிச் சுத்தித்தான் தூக்கினாங்க. 2025 ஏப்ரல்ல பக்கத்துலயே புதுப் பாலம் திறந்தாச்சு. 72.5 மீட்டர் நீளமுள்ள கண்ணு ஒண்ணு அப்பிடியே நேரா மேல போவுது, 17 மீட்டர் தூக்கினா கப்பலுக்கு 22 மீட்டர் இடம். அதென்ன 22, முப்பதாத் தூக்கினா என்னன்னு கேப்ப. கேக்க வேண்டிய கேள்விதான். பக்கத்துலயே 1988ல கட்டின ரோட்டுப் பாலம் நிக்கில்லா? அது தூக்காது, பிரியாது, யாருக்காவும் நகராது. ரயில் பாலத்தை வானத்துக்கே தூக்கினாலும், அடுத்தால ரோட்டுப் பாலத்துக்கு அடியில குனிஞ்சுதானே போகணும்? அதனால வழியில எத்தனை பாலம் இருந்தாலும், எந்தப் பாலம் கடேசியா வழிவிடாம நிக்கோ அதோட அளவுதான் உன் அளவு. ஆலப்புழையில ஏறுற எடத்துப் பாலத்தைப் பாத்துட்டு "தாராளமா இருக்கு"ன்னு படம் பிடிச்சு அனுப்பாத. ஆகக் குட்டையான பாலம் எது, எங்க இருக்குன்னு மட்டும் விசாரி.

இனி உன் கதைக்கு வருவோம். பாலத்தைப் பத்தி இம்புட்டு விசாரிக்கிற பய, தன்னைப் பத்தி விசாரிக்க மாட்டான். படகுக்காரன் கூரை உசரம் சொல்லுவான், சரி. கூரைக்கு மேல என்ன நிக்கி? தண்ணித் தொட்டி. சோலார் தகடு. விளக்குக் கம்பம். பிளாஸ்டிக் நாற்காலி. அது மேல உன் மச்சினன். அந்த நாற்காலியில அவன் உக்காந்தே இருப்பான்னு யாரு சொன்னா? பாலத்தைக் கண்டா எந்திரிச்சு, முதுகைக் காட்டிக்கிட்டு, கையைத் தூக்கி செல்பி எடுப்பான். கையும் செல்பிக் கம்பும் சேத்து மூணு முழம் கூட்டிக்க. பாலத்துக்குக் கீழ போகும்போது மாடியில ஒருத்தனும் இருக்கப்படாது, உக்காந்துகூட. இதை மட்டும் நான் கிண்டலாச் சொல்லல. பாலம் கிட்ட வந்தப்புறம் தலையைக் குனியலாம்னு நெனைச்சா, குனியுறதுக்கு நேரம் இருக்காது. கையைத் தூக்கிப் பாலத்தைத் தாங்கிப் பிடிக்கலாம்னும் நெனைக்காத. படகோட எடைக்கு உன் கை எம்மாத்திரம்.

எடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. படகுல பாரம் ஏற ஏற அது தண்ணிக்குள்ள எறங்கும், கூரையும் கூடவே எறங்கும். பாரம் கொறைஞ்சா மேல எந்திரிக்கும். நம்ம டிப்போ பக்கம் வாற லாரிக்காரன்கிட்ட கேட்டுப் பாரு, சரக்கு ஏத்திப் போகும்போது நுழைஞ்ச பாலத்துல காலி வண்டியாத் திரும்பும்போது ஒரசும்பான். அவன் டயர்ல கொஞ்சம் காத்தை எறக்கிட்டுப் போயிருவான். படகுக்கு டயர் ஏது? அதனால ஆளை எறக்காத, ஏத்து. உன் மாமனாரை எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நீ மூஞ்சியைச் சுளிச்சியாமே? அவர் வந்து நடுவுல நாற்காலியைப் போட்டு உக்காந்தாருன்னா ரெண்டு விரக்கடை எறங்கும். அந்த ரெண்டு விரக்கடையில பொழைச்ச படகு உண்டுல. ஆனா அனுமதிச்ச கணக்குக்கு மேல ஒரு ஆளு ஏத்தாத. பாலத்துக்குத் தப்பி ஆத்துக்குள்ள போனா என்ன லாபம்? துக்காராம் மகராசு பாட்டேடு பதிமூணு நாள் இந்திராயணிக்குள்ள கெடந்து மேல மிதந்து வந்துச்சுன்னு இங்க தேஹுவுல சொல்லுவாங்க. உன் செல்போனு வராது.

நம்ம மூத்தவ மவ இங்கிலாந்துல இருக்காள்லா, அவ ஒரு படம் அனுப்பினா. நார்ஃபோக் பக்கம் பாட்டர் ஹெய்காம்னு ஒரு ஊரு. அங்க ஆத்து மேல 1385ல கட்டினதாச் சொல்லுற கல்லுப் பாலம். நம்ம நெல்லையப்பர் கோயில் வாசலை விடக் குட்டை. நடுவுல மட்டும் வில்லா வளைஞ்சு கொஞ்சம் எடம், ரெண்டு ஓரமும் தரையைத் தொடுது. அங்க வாடகைப் படகை எடுத்த ஆளைத் தானா ஓட்டிக்கிட்டு உள்ள போக விட மாட்டாங்க. அந்தப் பாலத்துக்குன்னே ஒரு மாலுமி இருந்தான், அவன் வந்து ஏறித்தான் கடத்திவிடணும். தண்ணி மட்டம் பாத்துட்டு "இன்னைக்கு ஆவாது"ன்னா ஆவாதுதான், வெள்ளைக்காரனும் பேசாம திரும்பிப் போனான். இப்ப அங்க தண்ணி மட்டம் வருசா வருசம் ஏறி, கடத்திவிட முடியாத நாளு கூடிக்கிட்டே போவுதாம். இதுல உனக்கு என்னன்னா, வளைவுப் பாலத்துல போட்டிருக்கிற உசரம் நட்ட நடுவுக்குத்தான். உன் படகுக் கூரை சதுரம். நடுவுல நுழையும், ரெண்டு முனையும் கல்லுல ஒரசும். கூரையோட உசரத்தை மட்டும் அளக்காம அதோட ஓர அகலத்தையும் அளந்து வை.

பாலத்து அடியையும் அண்ணாந்து பாரு. பாலம் கட்டினவன் ஒரு உசரத்துல விட்டுட்டுப் போயிருப்பான். அப்புறமா குடிதண்ணிக் குழாய்க்காரன் வந்து கீழ ஒரு குழாயைக் கட்டியிருப்பான், கேபிள்காரன் அதுக்குக் கீழ ஒரு வயரைத் தொங்கவிட்டிருப்பான். பலகையில நம்பரு பழசுதான் இருக்கும். கரைக்குக் கரை கரண்டுக் கம்பி போவுதான்னும் பாத்துக்க. பாலத்துல இடிச்சா கூரைதான் போவும், கம்பியில இடிச்சா போறது வேற.

இதுக்கெல்லாம் ரயில்வேக்காரன்கிட்ட ஒரு புத்தி இருக்கு. நம்ம பாதையில கரண்டு ரயில் ஓடுதுல்லா, அந்த மாதிரிப் பாதையில லெவல் கிராசிங்குக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் 4.67 மீட்டர்ல இரும்புச் சட்டம் நட்டு வச்சிருப்பான். உசரமா லோடு ஏத்தினவன் கரண்டுக் கம்பியில போய் மோதுறதுக்கு முன்னால அந்தச் சட்டத்துல மோதட்டும்னு. கால்வாயில உனக்காக எவனும் சட்டம் நடப் போறதில்ல. நீயே கொண்டு போ. ஒரு மூங்கிக் கம்பு வெட்டு, நல்லா வளையுற கம்பா. படகுல எது ஆக உசரமோ அதை விட ஒரு சாண் கூட நிக்கிற மாதிரி முன்னாடி அணியத்துல நட்டுக் கட்டு. நுனியில செவப்புத் துணி. பாலத்துக்கிட்ட நடக்கிற வேகத்துல போ, கம்பு தொட்டா நிறுத்திப் பின்னால எடு. மோட்டார்ப் படகைத் திடுதிப்புனு முறுக்கினா மூக்கு மேல தூக்கும், அளவெல்லாம் பொய்யாப் போவும். அதனால பைய. "இதைக் கட்டினா போட்டோவுல நல்லாருக்காது"ன்னு உன் மச்சினன் சொல்லுவான். சொல்லட்டும்.

நிறுத்துறதுன்னு சொன்னேனே, தண்ணியில பிரேக்கு கெடையாது. பாலத்துத் தூணு கால்வாயைக் குறுக்கிருதுல்லா, அதனால அந்த எடத்துல ஓட்டம் கூடும். ஓட்டம் உன் முதுகுப் பக்கம் இருந்து வந்தா, நீ வேண்டாம்னாலும் பாலத்துக்கு அடியில கொண்டுபோய் விட்டுரும். 2025 மே மாசம் நியூயார்க்ல நடந்ததைக் கேட்டியா? மெக்சிகோ கடற்படைக் கப்பல், குவாத்தமோக்னு பேரு, 277 பேரு அதுல. பாய்மரம் ஏறக்குறைய 160 அடி. புரூக்ளின் பாலத்துக்குக் கீழ 135 அடி. அந்தக் கப்பல் பாலத்தைக் கடக்கணும்னு கெளம்பவே இல்ல, எதிர்ப்பக்கம் கடலுக்குப் போகணும். ஓட்டுறவங்க கைக்கு அடங்காம பின்பக்கமாவே போய், மூணு பாய்மரமும் பாலத்துல மோதி, ரெண்டு பிள்ளைய செத்துப் போச்சு. போற வழிப் பாலத்தை மட்டும் பாத்தாப் போதாது, முதுகுக்குப் பின்னால என்ன நிக்குதுன்னும் தெரிஞ்சிருக்கணும். பாம்பன்லயும் 2013 ஜனவரியில ஒரு கப்பலை ஓட்டம் இழுத்துட்டுப் போய் ரயில் பாலத்துல சாத்தி, ரயில் நின்னு போச்சு. படகுல நங்கூரம் எங்க இருக்கு, கயிறு சிக்கில்லாம இருக்கா, எறக்கத் தெரிஞ்ச ஆளு எவன், ஏறினதும் இந்த மூணையும் பாரு. காபி அதுக்கப்புறம்.

பலகை வச்சிருந்தாப் படி, அவ்வளவுதான் நான் சொல்லுவேன். நம்ம பக்கத்துலயே குண்டமளா. 2025 ஜூன் 15, ஞாயித்துக்கிழமை. இந்திராயணி மேல பழைய இரும்பு நடைபாலம். பலகை இருந்துச்சு. மழைத் தண்ணி பாக்க வந்த கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்துல மேல ஏறி நின்னுச்சு. பாலம் இடிஞ்சு விழுந்து நாலு பேரு போனாங்க. அன்னைக்கு இந்தத் தெருவுல எல்லாரு வீட்டுலயும் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, உன் பொஞ்சாதி உனக்கு அடிச்சா. நீ எடுக்கல. சரி, விடு.

கோட்டயத்துக்கும் போறீயளா? அப்பிடின்னா ஒண்ணு. கோடிமதை, காஞ்சிரம் பக்கம் தோடுன்னு சொல்லுற கால்வாய்க்குக் குறுக்க தூக்குப் பாலங்க இருக்கு, படகு வந்தா ஆளு இருந்து தூக்கிவிடணும். ஆளு சாப்பிடப் போயிருந்தா நீ நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும். கத்தாத, ஆரன் அடிக்காத. அந்த ஊர்ப் பொம்பளைய தண்ணிக் குடத்தோட அந்தப் பாலத்துலதான் நடந்து போறாங்க, அவங்க போனதுக்கு அப்புறம்தான் நீ. உன் மாடிப் படகு அந்தத் தோட்டுக்குள்ள நுழையுமாங்கிறதை முன்பணம் வாங்கினவன்கிட்ட எழுத்துல கேளு, வாட்ஸ்அப்புல "ஓகே சார்"னு வந்தா அதை எழுத்துன்னு நெனைக்காத.

டீ ஆறிப்போச்சு பாரு, குடி. ஆமா, உன் மாமனாரு கோட்டயத்துலயே எறங்கி ரயில் ஏறிருவாருன்னுல்லா சொன்னா அவ? அப்பிடின்னா திரும்பி வாறப்ப படகு ரெண்டு விரக்கடை மேல எந்திரிக்கும், அதையும் கணக்குல சேத்துக்க.